மச்சான் கயிறு

தை அமாவாசைக்குக் கோடியக்கரை போய்க் கடலில் முழுக்குப் போடுவது எங்கள் குடும்ப வழக்கம். வருஷம் முழுக்கச் சேர்த்த பாவம் அந்த முழுக்கில் கரைந்துவிடும் என்பது ஐதீகம். என் கணக்குக்கு மூன்று முழுக்காவது தேவைப்படும் என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

இந்த வருஷமும் கூட்டத்தோடு கூட்டமாக இடுப்பளவுத் தண்ணீரில் மூக்கைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பக்கத்தில் அக்கா மகன். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை.

"மாமா, போனஸ் வந்திருக்கு. ஒரு பி.சி. வாங்கப் போறேன்."

"ஆபீஸ்லதான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழறியே, வீட்டுக்கு வேறயா?"

"அந்த பி.சி. இல்ல மாமா."

இந்தப் பக்கம் நின்ற அக்கா, "தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்தா தந்துடப் போறாங்க. அதுக்கு எதுக்குடா போனஸு?" என்றாள்.

பையன் தலையில் அடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கிவிட்டான். அடுத்த ஒரு நிமிஷம் அவன் வெளியே வரவில்லை. அக்கா முகம் வெளிறிவிட்டது. நாலு ஆள் தள்ளிச் சிரித்துக்கொண்டே எழுந்தான். அந்த ஒரு நிமிஷத்தில் அக்கா பட்ட பாட்டைப் பார்த்தபோதுதான், இது சாதாரணக் கொள்முதல் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

அவன் சொன்னது பாயன்சி காம்பென்சேட்டர். ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சட்டை. முதுகில் காற்று சிலிண்டர் இதோடுதான் கட்டப்பட்டிருக்கும். சட்டைக்குள் ஒரு காற்றுப்பை. தோளிலிருந்து தொங்கும் குழாயின் நுனியில் இரண்டு பட்டன். ஒன்றை அமுக்கினால் சிலிண்டரிலிருந்து பைக்குக் காற்று வரும். குழாயைத் தூக்கிப் பிடித்து மற்றதை அமுக்கினால் காற்று வெளியே போகும். காற்று ஏறினால் ஆள் மேலே. இறங்கினால் ஆள் கீழே. சிலர் பி.சி.டி. என்பார்கள். நாம் பி.சி. என்றே வைத்துக்கொள்வோம்.

பையன் இரண்டு வருஷமாக சனி, ஞாயிறுகளில் புதுச்சேரி போய் டைவிங் கற்றுக்கொண்டிருக்கிறான். முதல் ஆறு மாசம், பிள்ளை ஆசிரமத்துக்குத் தியானம் பண்ணப் போகிறான் என்றே அக்கா நம்பியிருந்தாள். விஷயம் தெரிந்த அன்று நடந்த உரையாடல் இது:

"கடலுக்குள்ள முங்கி என்னத்தடா எடுக்கப் போற? முத்தா, பவழமா?"

"ஒண்ணும் எடுக்கலம்மா. மீன் பாக்கப் போறேன்."

"மீன் பாக்கணும்னா நாகப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போயேன்."

அக்காவைக் குறை சொல்ல முடியாது. கோடியக்கரையில் பிறந்து வளர்ந்தவள். சோழர் காலத்தது என்று நாங்கள் சின்ன வயசில் ஏறி விளையாடிய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் போனது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் காட்டையும் தோப்பையும் சாய்த்துவிட்டுப் போனது. வெளியூர்க்காரர்களுக்குக் கோடியக்கரை என்றால் பூங்குழலி, படகு, பூநாரை, வெளிமான். எங்களுக்குக் கடல் என்பது வாசலில் கட்டிப் போட்டிருக்கும் யானை. கும்பிடலாம், காதைப் பிடித்துத் திருகக் கூடாது.

* * *

முழுக்கு முடிந்து சவுக்கு நிழலில் புளிசாதம் பிரித்தோம். அக்கா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துப் பையன் என் காதருகே வந்தான்.

"மாமா, அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன்.

போன மார்ச் மாசம் வாடகைக்குச் சாமான் எடுத்து டைவ் போயிருக்கிறான். இவன் அளவு பி.சி. எல்லாம் தீர்ந்துவிட்டது. "ஒரு நாள்தானே சார், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று எக்ஸ்ட்ரா லார்ஜ் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். இவனோ காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. படகிலிருந்து குதித்து மிதக்கலாம் என்று காற்றை ஏற்றினால், சட்டை மட்டும் மிதந்தது, இவன் மிதக்கவில்லை. சட்டை காது வரை ஏறிவிட, மோவாய் உள்ளே மாட்டிக்கொண்டது. ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஆமை மாதிரி இருந்தானாம்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். 12 மீட்டர் ஆழத்தில் காற்று ஏற்றும் பட்டன் அமுங்கினது அமுங்கினபடியே மாட்டிக்கொண்டது. உள்ளே உப்புப் படிந்திருக்க வேண்டும். 'ஸ்ஸ்' என்று காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆள் மேலே போகிறான். காற்றை வெளியேற்றக் கயிறு ஒன்று உண்டு. அது இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தால் அங்கே இல்லை. சட்டைதான் ஊஞ்சல் ஆடுகிறதே! கூட வந்தவங்க பார்த்து, இவன் காலைப் பிடித்து இழுத்து, காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, கயிற்றைத் தேடிப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். நிற்கும்போது 7 மீட்டர்.

"அஞ்சு மீட்டர்தானே, மேல வந்தா நல்லதுதானே?" என்று கேட்டேன். அப்பாவித்தனமாகத்தான்.

இல்லையாம். ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரிந்து நுரையீரலே கிழிந்துபோகலாமாம். சில மீட்டர் போதும் அதற்கு. அதனால்தான் ஸ்கூபாவில் முதல் பாடமே 'மூச்சை அடக்காதே'. நல்ல வேளை, அந்தப் பதற்றத்திலும் மூச்சு விட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

"அதான் மாமா. இனிமே வாடகைச் சட்டை வேண்டாம். சொந்தமா ஒண்ணு வாங்கப் போறேன். எதை வாங்கறதுன்னுதான் தெரியல."

மொபைலை எடுத்துப் படம் காட்டினான். எல்லாமே எனக்கு ஒரே மாதிரி கறுப்பாகத்தான் இருந்தன.

* * *

இந்த இடத்தில் எங்கள் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். விவசாயி. ஸ்கூபாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

"இதுல என்ன மாப்ள இருக்கு? விதைநெல்லு முட்டைதானே?" என்றார்.

டெல்டாக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விதைநெல்லில் பதர் பிரிக்க ஒரு வழி உண்டு. தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டால் அடியில் போய் உட்காரும். உப்பைக் கொட்டிக் கரைக்கக் கரைக்க, முட்டை மெல்ல எழும்பும். நாலணாக் காசு அகலத்துக்கு ஓடு வெளியே தெரிந்தால் பதம். அந்தத் தண்ணீரில் நெல்லைப் போட்டால் சோடை மிதக்கும், தேறின விதை தங்கும். தங்கியதை எடுத்து இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். நாலணா 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. முட்டைக்கு மட்டும் இன்னும் செல்லுபடி ஆகிறது.

முட்டை கனமும் குறையவில்லை, பெருக்கவும் இல்லை. தண்ணீர் கனத்தது, முட்டை மிதந்தது. நாம் கடலில் உப்புக் கரைக்க முடியாது. அதனால் முட்டையைப் பெரிசாக்குகிறோம். பைக்குள் ஒரு லிட்டர் காற்று ஏற்றினால், ஒரு லிட்டர் கடல்நீரை ஒதுக்கித் தள்ளுகிறோம். கடல் பதிலுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நம்மைத் தூக்கிக் கொடுக்கிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்னதும் மச்சான் சொன்னதும் ஒன்றுதான். மச்சானிடம் முட்டை இருந்தது.

டைவருக்கு வேண்டியது மிதப்பதும் இல்லை, மூழ்குவதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, உப்புப் பதத்துக்கு முந்தின நிமிஷத்து முட்டை மாதிரி அந்தரத்தில் நிற்க வேண்டும். பூம்புகாருக்கு எதிரே 1991-ல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் முங்கிப் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவத்தில் ஒரு அமைப்பு. அது என்ன என்று இன்னும் வாதம் நடக்கிறது. அந்த மாதிரிக் கலங்கல் கடலில் தரையில் காலை ஊன்றினால் போச்சு. சேறு கிளம்பி, டிகாக்‌ஷனுக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். மன்னார் வளைகுடாவில் காலை ஊன்றினால் பவழம் நொறுங்கும். அந்தரத்தில் நிற்கத் தெரிந்தவன்தான் டைவர். மற்றவர்கள் எல்லாம் கடலில் விழுந்தவர்கள்.

கஷ்டம் என்னவென்றால், இந்த முட்டை ஆழத்துக்கு ஆழம் அளவு மாறும். 20 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. அங்கே பையில் 2 லிட்டர் காற்று இருந்தால், 10 மீட்டருக்கு வரும்போது அதே காற்று 3 லிட்டர் ஆகும். மேலே வந்தால் 6 லிட்டர்! கொஞ்சம் ஏறினால் காற்று விரியும். விரிந்தால் இன்னும் ஏறுவோம். ஏறினால் இன்னும் விரியும். வட்டிக்கு வாங்கின கடன் மாதிரி. அதனால் மேலே வரும்போது காற்றை ஏற்றக் கூடாது, வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும். நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல், காலை உதைத்து மெதுவாக வர வேண்டும். பி.சி. பட்டன் லிஃப்ட் பட்டன் இல்லை.

"அந்தக் காலத்துல இந்தச் சட்டை எல்லாம் ஏது?" என்றார் மச்சான்.

நியாயமான கேள்வி. பிரான்சில் கூஸ்தோவும் காஞ்யானும் தண்ணீருக்கடியில் மூச்சு விடும் கருவியை 1943-ல் செய்து முடித்துவிட்டார்கள். மேலும் கீழும் போக நுரையீரலும் இடுப்பு ஈயமும்தான் துணை. கழுத்தில் மாட்டும் காற்றுப்பை 1961 வாக்கில்தான் வந்தது. கை நுழைத்துப் போடும் சட்டை வந்தது 1971-ல்.

அதற்கெல்லாம் எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே நம் ஆட்கள் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தார்கள். உபகரணம் கல்லும் கயிறும். கல்லில் காலை வைத்தால் நேரே அடிக்குப் போய்விடலாம். கல்லைப் படகிலிருப்பவர் மேலே இழுத்துக்கொள்வார். மூச்சு முட்டும்போது கயிற்றை ஆட்டினால், ஆளை இழுப்பார். கல் கீழே கொண்டுபோகும்; கயிறு மேலே கொண்டுவரும். இந்த இரண்டையும் சேர்த்துத் தைத்தால் பி.சி.!

"அந்தக் கயிறு யார் கையில இருக்கும் தெரியுமா?" என்று மச்சான் கேட்டார். "பொண்டாட்டியோட அண்ணன் தம்பி கையில. அண்ணன், தம்பி, கூட்டாளி யாரையும் நம்ப மாட்டாங்க. பங்காளிக்குச் சொத்து ஆசை இருக்கும். மச்சான்னா கூடப்பொறந்தவ தாலிக்காகவாவது கயித்த விட மாட்டான்."

முத்துக் குளிக்கும் ஊர்களைப் பற்றி இப்படி ஒரு கதை சொல்வது உண்டு. சொல்லிவிட்டு மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். போன வருஷம் அவர் கேட்ட கைமாற்றை நான் கொடுக்கவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த அக்கா, "நல்ல ஏற்பாடுதான்" என்றாள். அவள் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

* * *

அடுத்த சனிக்கிழமை சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். பையன், நான், மச்சான். அக்காவும். "காசு கொடுத்து வாங்கறான், நான் பாக்க வேணாமா?" என்று கிளம்பிவிட்டாள். ஸ்கூபா கடைக்குக் கூடையோடு வந்த முதல் பெண்மணி அவளாகத்தான் இருப்பாள்.

கடைக்காரப் பையன் பொறுமைசாலி. மூன்று ஜாதி பி.சி. எடுத்துப் போட்டான்.

முதலாவது ஜாக்கெட். காற்று முதுகு, விலா, வயிறு எல்லாப் பக்கமும் சுற்றி நிற்கும். தண்ணீருக்கு மேலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து மிதக்கலாம். பாக்கெட் நிறைய. வாடகைக்கு அநேகமாக இதுதான் கிடைக்கும், கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பழகின சாமான். குறை? நிறையக் காற்று ஏற்றினால் தீபாவளி சாப்பாடு மாதிரி வயிற்றை இறுக்கும்.

இரண்டாவதில் காற்றுப்பை முதுகில் மட்டும். வயிறு லேசாக இருக்கும். தண்ணீருக்குள் மீன் மாதிரி படுக்கை வாட்டில் நீந்த சௌகரியம். மேலே வந்ததும் காற்றை அளவுக்கு மீறி ஏற்றினால் முகத்தை முன்னால் தள்ளும். கொஞ்சம் சாய்ந்து படுத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

மூன்றாவது, முதுகில் ஒரு உலோகத் தகடு, அதற்குப் பின்னால் இறக்கை மாதிரி ஒரு காற்றுப்பை, உடம்பைச் சுற்றி ஒரே நீளப் பட்டை. பார்க்கத் தறியிலிருந்து பாதியில் இறக்கின மாதிரி இருந்தது. ஆனால் புத்திசாலித்தனமான சாமான். பட்டையை ஒரு தடவை உட்கார்ந்து உடம்புக்குச் சரிசெய்துவிட்டால் ஆடாது, ஏறாது. பை போனால் பையை மட்டும், பட்டை போனால் பட்டையை மட்டும் மாற்றலாம். எஃகுத் தகடு என்றால் இரண்டரை கிலோ கனக்கும். இடுப்பில் கட்டும் ஈயத்தில் அவ்வளவு குறையும். ஆனால் வருஷம் ஒரு தடவை அந்தமான் போகிறவனுக்கு விமானத்தில் 15 கிலோதான் அனுமதி. அலுமினியத் தகடு என்றால் பாதிக்கும் குறைவு.

பையன் கண் இவை எதிலும் இல்லை. கண்ணாடி அலமாரியில் ஒன்று தொங்கியது. எட்டு வளையம், ஆறு பாக்கெட், 20 கிலோவுக்கு மேல் தூக்குமாம். மாட்டினால் சண்டைப் படத்தில் கடைசி ரீலுக்கு வரும் வில்லன் மாதிரி இருப்பான். விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம்.

"எத்தனை கிலோ தூக்கினா போதும்?" என்று கேட்டேன். மளிகைச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் 2,400 லிட்டர். காற்றுக்குக் கனம் உண்டு, லிட்டருக்கு 1.2 கிராம். ஆக, கிட்டத்தட்ட 3 கிலோ. முங்கும்போது இருக்கும் இந்த 3 கிலோ, மூச்சு விட விடக் குறைந்துகொண்டே வரும். அடுத்து, நம் கடலுக்குப் போடும் 3 மில்லி மீட்டர் ரப்பர் உடை. மேலே அது நம்மைத் தூக்கும். ஆழத்தில் நசுங்கிப்போய் ஒன்று, ஒன்றரை கிலோ தூக்கலை இழந்துவிடும். கடைசியாக, மேலே வந்து தலை தண்ணீருக்கு வெளியே நிற்க ஒரு 5 கிலோ. மனிதத் தலை அவ்வளவு கனம். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும்.

மூன்றும் ஒன்றரையும் ஐந்தும் ஒன்பதரை. தாராளமாக 12, 13 கிலோ தூக்கும் பை போதும். 20 கிலோவுக்கு மேல் எல்லாம் குளிர்க் கடலில் கம்பளி மாதிரி தடித்த உடை போட்டு, இரட்டைச் சிலிண்டர் கட்டுகிறவர்களுக்கு. நமக்கு அது வெறும் ஓலைப்பாய். தண்ணீரை இழுத்துக்கொண்டு நம்மைத் தடுக்கும்.

கடைக்காரப் பையன் இன்னொன்றும் சொன்னான். நிறைய பேர் முங்கமாட்டோமோ என்ற பயத்தில் ஈயத்தை அள்ளிக் கட்டிக்கொள்கிறார்களாம். ஈயம் கூடினால் அதைத் தூக்கப் பையில் காற்றைக் கூட்ட வேண்டும். காற்று கூடினால் ஆழம் மாற மாற ஆட்டமும் கூடும். அப்புறம் 'என் பி.சி. சரியில்லை' என்று கடைக்கு வருவார்கள். டைவ் முடிகிற நேரம், சிலிண்டரில் 50 பார் மிச்சம், பையில் காற்றே இல்லை, சாதாரணமாக மூச்சு இழுத்தபடி அசையாமல் நின்றால், தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும்; மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். அதுதான் ஈயத்தின் பதம். மச்சான் பெருமையாகத் தலையாட்டினார். முட்டை!

பையன் முகம் விழுந்துவிட்டது. வில்லன் சட்டையை விட்டுவிட்டு, இரண்டாவது ஜாதியில் ஒன்றை மாட்டிப் பார்த்தான். மீடியம்.

"கொஞ்சம் பெரிசா எடுடா," என்றாள் அக்கா. "வளர்ற பிள்ளை."

பிள்ளைக்கு வயது 28.

"பெரிசு கூடாதும்மா."

"என்ன கூடாது? உனக்கு ஸ்கூல் யூனிஃபாரம் எடுத்ததே ரெண்டு சைஸ் பெரிசாத்தான். மூணு வருஷம் போட்டியா இல்லையா?"

"ஐயோ, பெரிசா போட்டுத்தாம்மா அன்னிக்கு மேல தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. கடையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கூடையைக் கீழே வைத்தாள். நேரே பையனிடம் போய், சட்டையின் தோள் பட்டைகளை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள், பலமாக. சட்டை அவனோடு சேர்ந்தே எழும்பியது, தனியாக ஏறவில்லை.

"காத்தை ஏத்து" என்றாள் கடைக்காரனிடம். ஏற்றினான். "மூச்சு விட முடியுதா?" முடிந்தது. "கைய மேல தூக்கு." தூக்கினான். "கண்ண மூடிக்கிட்டு அந்தக் கயித்தப் புடி." பிடித்தான். "இன்னொரு தடவ." பிடித்தான். நாலு தடவை.

கடைக்காரப் பையன் என் பக்கம் குனிந்து, "சார், அம்மா டைவிங் இன்ஸ்ட்ரக்டரா?" என்றான்.

மச்சான் தன் பங்குக்கு அக்குளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "நுகத்தடி மாதிரிதான். அழகு பாத்து வாங்கக் கூடாது. கழுத்துல புண்ணு வருதான்னு பாத்து வாங்கணும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக பி.சி. வாங்க யோசனை சொல்ல யாராலும் முடியாது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடையிலேயே முழுக்கக் காற்று ஏற்றி விட்டுப் பாருங்கள். அளவு மீறினால் தானாக வால்வு திறந்து காற்று கக்க வேண்டும். அதன் பிறகு ஒரு ராத்திரி அப்படியே வைத்தாலும் பை தளரக் கூடாது. ஈயம் வைக்கும் பாக்கெட் இருந்தால், ஒரே இழுப்பில் கழன்று விழ வேண்டும். தானாக விழக் கூடாது. பழைய சாமான் வாங்கினால் பட்டனை நூறு தடவை அமுக்கிப் பாருங்கள். குலுக்கினால் உள்ளே உப்புக்கல் சரசரக்கிறதா என்று காது கொடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ். பெண்களுக்குத் தோள், இடுப்பு அளவு பார்த்துத் தனியே தைத்தவை உண்டு. எவ்வளவு விலை கொடுத்தாலும் இது லைஃப் ஜாக்கெட் இல்லை. மயங்கினவனை முகம் மேலே இருக்கிற மாதிரி பிடித்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது. ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் பைக்கு வெளியிலும் உள்ளேயும் நல்ல தண்ணீர் விட்டு அலசி, வடித்து, கொஞ்சம் காற்றோடு நிழலில் காயப் போட வேண்டும்.

"அதான் அன்னைக்கே சொன்னேனே, ரெண்டு மூணு அலசு" என்றார் மச்சான்.

மீடியம்தான் வாங்கினோம். 13 கிலோ தூக்கும், நாலே வளையம், வில்லன் சட்டையில் பாதி விலை. பில் போட்டு முடிந்தது. வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். திட்டு விழப்போகிறது என்று பையனும் நானும் காத்திருந்தோம். எனக்கும் பங்கு உண்டு. சத்தியம் பண்ணினவன் ஆயிற்றே.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்கு உன் காலைப் புடிச்சு இழுத்தது யாரு?"

"ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்கம்மா."

"பாக்கறவங்கன்னா?"

பையன் ஆட்டோ வருகிறதா என்று வராத பக்கம் பார்த்தான்.

"எப்பவும் அவங்ககூடத்தான் போவியா?"

"ஆமாம்மா. கூட ஒருத்தர் இல்லாம முங்கவே கூடாது. இவங்க சாமானை அவங்க சரிபாக்கணும், அவங்க சாமானை இவங்க பாக்கணும். அதான் ரூல்."

"நல்ல ரூல்தான்."

ஆட்டோ வந்தது. கூடையை உள்ளே வைத்து, அதற்குப் பக்கத்தில் பி.சி.யைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பின பிறகு, ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள்:

"அந்தப் பொண்ணுக்கு அண்ணன் தம்பி யாராவது இருக்காங்களா?"